பயனாளி முத்துமாரியம்மாள்

ராஜமணி கை வைத்த கூரை ஒழுகாது என்று கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. பேர் பொய்யில்லை. எட்டயபுரம் ரோட்டிலிருந்து விளாத்திகுளம் வரைக்கும், ஆள்துணை இல்லாதவர்கள், கால் முடியாதவர்கள், விதவைகள் என்று நாற்பத்து மூன்று பேர் வீடுகளை அவரும் அவருடைய 'கைகொடுப்போம்' குழுவும் ஞாயிறு தவறாமல் போய்ச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கை வைக்காத கூரை ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டு அடுப்படிக் கூரை. அதற்குக் கீழே நின்றுதான் அவர் சம்சாரம் முத்துமாரியம்மாள் ஆறு வருசமாகச் சோறு பொங்கினாள்.

முத்துமாரியம்மாள் குளத்தூர்க்காரி. இருபத்தோரு வயதில் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருசம் ஆகிறது. மகனைப் படிக்க வைத்துத் திருப்பூருக்கு அனுப்பினாள். மகளைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்தாள். படுத்துவிட்ட மாமியாரை இரண்டு வருசம் முகம் சுளிக்காமல் பார்த்தாள். புருசன் மில்லில் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வில் வந்து ஊருக்கு உழைக்கப் போனதும், இவள் கடலைமிட்டாய்க் கம்பெனிக்குப் பாக்கிங் வேலைக்குப் போனாள். சாயங்காலம் சேலையெல்லாம் வெல்லப்பாகு வாசனையோடு வீடு திரும்புவாள். கோபக்காரி இல்லை. கோபம் வந்தால் உட்கார்ந்து பாத்திரம் விளக்குவாள். ஆறு வருசமாக அந்த வீட்டுப் பாத்திரங்கள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தன.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவள் புருசன் பேரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பாள், அவள் சொல்லிவிடுவாள். பேரில் மணி இருக்கிறதே என்று, "நேரம் என்னாச்சு?" என்றுதான் கேட்பாள். அவள் வயதுப் பெண்கள் அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுப்படி விவகாரத்துக்கு வருவோம். முன்னால் தளம் போட்ட இரண்டு அறை மச்சு. பின்னால் பிற்பாடு இறக்கிய ஓட்டுச் சாய்ப்பு, அதுதான் அடுப்படி. கரிசல் மண் கோடையில் வறண்டு வெடிக்கும், மழையில் உப்பும். மேலே நிற்கிற சுவரும் கூடவே ஏறி இறங்கும். அப்படி ஏறி இறங்கி, மச்சுக்கும் சாய்ப்புக்கும் நடுவே விரல் நுழைகிற வெடிப்பு விழுந்தது. ஓடுகள் சரிந்தன, ஓடு தாங்குகிற ரீப்பர் கட்டைகளைச் செல் அரித்துத் தின்றது. மழை வந்தால் எந்தச் சொட்டு எங்கே விழும் என்று முத்துமாரியம்மாளுக்கு மனப்பாடம். அண்டாவுக்கு ஒரு இடம், வாளிக்கு ஒரு இடம், ஈயச்சட்டிக்கு ஒரு இடம். அடுப்புக்கு நேர் மேலே விழுகிற சொட்டுக்குத்தான் பாத்திரம் வைக்க வழியில்லை. அதற்கு ஒரு கையில் குடை, ஒரு கையில் தோசைக்கரண்டி.

அவள் கேட்காமல் இல்லை. சித்திரையில் கேட்டால், "கரிசல் வெடிச்சுக் கெடக்கும்போது சுவத்தத் தொடப்படாது ஏட்டி, மழ பெஞ்சு மண்ணு கூடட்டும்" என்பார் ராஜமணி. ஐப்பசியில் கேட்டால், "பெய்யுத மழையில ஓட்டப் பிரிக்கச் சொல்லுதியே, கூறு இருக்கா?" என்பார். மழைக்கும் கோடைக்கும் நடுவில் தோதான ஒரு பதினைந்து நாள் வரும். அந்தப் பதினைந்து நாளில் குழுவுக்கு ஆண்டு விழா வந்துவிடும்.

போதாக்குறைக்கு விதி எண் நான்கு. 'குழு உறுப்பினர்களின் சொந்த வீட்டு வேலைகளைக் குழு ஏற்காது.' எழுதியவர் ராஜமணியேதான். நாலு பேர் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று எழுதி, லேமினேட் பண்ணி, வீட்டு முன்னறையிலேயே மாட்டியிருந்தார். அந்தக் கண்ணாடித் தாளையும் முத்துமாரியம்மாள்தான் வாரம் ஒருமுறை துடைத்து வைத்தாள்.

இந்த வருசம் புரட்டாசிக் கடைசியில் கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். படமெடுக்கப் படிக்கிற பிள்ளைகள். இயக்குநர் யோகலட்சுமி, இருபது வயது, இந்தப் பக்கத்துப் பெண்தான். கேமரா பிடிக்கிறவன் காளீஸ்வரன். தன்னார்வலர்கள் வீடு சரிபண்ணுவதைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம், ஐப்பசி இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். ராஜமணிக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

விளாத்திகுளத்துப் பக்கம் கற்பகம் என்பவளின் வீட்டில் படமெடுப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் போன் பண்ணிவிட்டாள். "அண்ணாச்சி, மூத்தவளப் பொண்ணு பாக்க வாராவ. எங்க வீட்டு ஓட்டையெல்லாம் யூடியூப்புல வந்தா எவன் கட்டுவான்? கேமரா வேண்டாம், நீங்க மட்டும் வாங்க." நியாயமான பேச்சு. ராஜமணி அடுத்தடுத்து நாலு வீட்டுக்குப் போன் போட்டார். எல்லாம் ஏற்கெனவே சரிபண்ணின வீடுகள். யோகலட்சுமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"சரிபண்ணினது வேண்டாம் சார். மோசமா இருக்கிற வீடு வேணும். பிரிக்கிறதுல இருந்து எடுக்கணும்."

அவளுக்குக் காப்பி கொண்டுவந்த முத்துமாரியம்மாள் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். "இங்கன வா தாயி. எங்க அடுப்படிய ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

யோகலட்சுமி போய்ப் பார்த்தாள். காளீஸ்வரனும் பார்த்தான். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தான், ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தான். "இதவிட மோசமா எங்கயுமே கிடைக்காது!" என்றான் சந்தோசத்தோடு. ஆறு வருசத்தில் அந்த அடுப்படியைப் பார்த்துச் சந்தோசப்பட்ட முதல் ஆள் அவன்தான்.

ராஜமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. விதி எண் நான்கு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற தங்கச்சாமி, குழுவின் பொருளாளர், "அண்ணாச்சி, இது விதிக்குள்ள வருமா?" என்று வேறு கேட்டார். யோசித்து யோசித்துக் கடைசியில் ராஜமணி ஒரு வழி கண்டுபிடித்தார். "படத்துக்காகத்தான் செய்யுதோம். ஆனா இவ எஞ் சம்சாரம்னு படத்துல எங்கயும் தெரியப்படாது. யாரோ ஒரு பயனாளி. சம்மதமா?"

பிள்ளைகள் சம்மதித்தார்கள். பயனாளியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் சம்மதித்திருப்பாள். மழைக்கு முன்னால் கூரை சரியாக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்காகத் தன் வீட்டிலேயே அந்நியமாக இருக்கச் சொன்னால் இருந்துவிட்டுப் போகிறாள்.

ஞாயிறு காலையில் கல்யாண போட்டோவைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது, அதன்மேல் காளீஸ்வரன் ஒரு காலண்டரை மாட்டினான். விதி எண் நான்கையும் கழற்றினார்கள். பிறகு ராஜமணியை வெளியே அனுப்பி, தெருவிலிருந்து புதிதாக வீட்டுக்குள் வரச் சொன்னார்கள்.

முதல் தடவை, அவர் உள்ளே காலை வைத்ததும், "செருப்பக் கழத்திட்டு வாங்க, இப்பத்தான் தொடச்சிருக்கேன்" என்றாள் பயனாளி. யோகலட்சுமி நிறுத்தச் சொன்னாள். இரண்டாவது தடவை ராஜமணி செருப்பைக் கழற்றினார், துண்டை வழக்கமான ஆணியில் மாட்டினார், நேரே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். மறுபடியும் நிறுத்தினார்கள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. வாசலில் நின்று கைகூப்பினார். தலையை லேசாகச் சாய்த்தார்.

"வணக்கம்மா. கைகொடுப்போம் குழுவுல இருந்து வாரோம். வீட்டுல என்ன கஷ்டம்மா? எதுவா இருந்தாலும் கூச்சப்படாம சொல்லுங்க. நாங்க இருக்கோம்."

இப்படி ஒரு குரல் இந்த மனுசனிடம் இருக்கிறது என்பதே முத்துமாரியம்மாளுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருசம். காய்ச்சலில் கிடந்தபோதும், அம்மா செத்த சேதி வந்தபோதும் இந்தக் குரல் வந்ததில்லை. இல்லாமல் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இருந்திருக்கிறது. ஞாயிறுதோறும் எடுத்துக்கொண்டு போய் நாற்பத்து மூன்று வீட்டில் கொடுத்துவிட்டு, வெறுங்குரலோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சூப்பர் ஆன்ட்டி! அப்படியே அழுங்க, தொடைக்காதீங்க!" என்றான் காளீஸ்வரன்.

அன்றைக்கு ஒன்பது பேர் ஏறி ஓடுகளையெல்லாம் பிரித்தார்கள். செல் தின்ற கட்டைகளைப் பிடுங்கி முற்றத்தில் போட்டார்கள். நாலு மணிக்கெல்லாம் அடுப்படியில் அடுப்பு இருந்தது, கூரை இல்லை. காளீஸ்வரன் கேமராவைப் பைக்குள் வைத்தான். ராஜமணி ஒரு தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"வார ஞாயிறு கற்பகம் வீட்டு வேலய ஒத்துக்கிட்டாச்சு. அதுக்கடுத்த ஞாயிறு இதப் பாப்போம்."

"அப்ப படத்துக்கு?" என்றாள் முத்துமாரியம்மாள்.

யோகலட்சுமி கொஞ்சம் நெளிந்தாள். "பிரிக்கிறது கிடைச்சிருச்சு ஆன்ட்டி. சரிபண்ணின அடுப்படி வேற ஒரு வீட்டுல எடுத்துக்கலாம். நாளைக்கு உங்க பேட்டி மட்டும் எடுத்தாப் போதும். அது இல்லாம படத்த வாங்கிக்க மாட்டாங்க."

ஆக, படத்தில் கூரை ஏறிவிடும். வீட்டில் ஏறாது. முத்துமாரியம்மாள் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் பாத்திரம் எதையும் எடுத்து விளக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக, கூடத்தில் இருந்த நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஓடு ஏறட்டும் தாயி. அப்பத்தான் வாயத் தொறப்பேன்."

"ஏட்டி, பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழம கடைசி நாளு" என்றார் ராஜமணி.

"எனக்கும் மழ கடைசி நாளு சொல்லிட்டு வராது."

திங்களும் செவ்வாயும் யோகலட்சுமி ராஜமணிக்குப் போன் போட்டபடி இருந்தாள். பேட்டி இல்லாவிட்டால் படம் இல்லை, படம் இல்லாவிட்டால் கல்லூரி மேடையில் அவருக்குப் போர்த்துவதாக இருந்த சால்வையும் இல்லை. புதன்கிழமை விடிந்ததும் ஞாயிறு மட்டுமே உழைக்கிற குழு, வேலை நாளில் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. புது ரீப்பர் அடித்தார்கள், ஓடு ஏற்றினார்கள். வெடிப்பைச் சிமெண்டால் இறுக்கி அடைக்காமல், சுவர் ஏறி இறங்க இடம் விட்டு, மேலே தகரத்தை மடித்து நீர் உள்ளே போகாமல் ஒரு மூடி வைத்தார் ராஜமணி. அந்த வேலை அவருக்கு மட்டும்தான் கைவரும். கோடைக்கும் நிற்கும், மழைக்கும் நிற்கும். அதைச் செய்ய அவருக்கு அரை நாள் ஆனது. கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்த முத்துமாரியம்மாள், "அரைநாளு" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

வியாழன் மத்தியானம், ராஜமணி ஏணியைத் திருப்பிக் கொடுக்கத் தங்கச்சாமி வீட்டுக்குப் போன நேரத்தில், புதுக் கூரைக்குக் கீழே ஸ்டூல் போட்டுப் பயனாளியிடம் பேட்டி எடுத்தார்கள். முக்கால் மணி நேரம். இடையில் ஒருமுறை காளீஸ்வரன் கேமராவை நிறுத்தக் கையைக் கொண்டுபோனான். யோகலட்சுமி வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். கிளம்பும்போது அவள் ஆன்ட்டி என்று சொல்லவில்லை. "வாரேன் அத்தை" என்றாள்.

சனிக்கிழமை மழை பிடித்தது. முத்துமாரியம்மாள் பழக்கத்தில் ஓடிப்போய் அண்டாவையும் வாளியையும் ஈயச்சட்டியையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மேலே ஓட்டில் மழை கொட்டுகிறது, கீழே சட்டி காய்ந்து கிடக்கிறது. காய்ந்த சட்டியைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசந்தான். ஆறு வருசத்துக்குச் சேர்ந்த ஆத்திரமும்தான்.

அடுத்த வாரம் கல்லூரி அரங்கில் படம் போட்டார்கள். மாணவர்கள், அவர்கள் தாய் தகப்பன்மார், குழு வீடு சரிபண்ணிக் கொடுத்த பெண்கள் என்று நல்ல கூட்டம். ராஜமணி கஞ்சி போட்ட சட்டையில் முன் வரிசையில் குழுவோடு உட்கார்ந்திருந்தார். முத்துமாரியம்மாளைப் பின்னால் பயனாளிகளோடு உட்காரச் சொல்லியிருந்தார். விதி விதிதான்.

படத்தில் அவர் வாசலில் நின்று கைகூப்பி வந்தார். கூரை பிரிந்தது, ஓடு ஏறியது. பிறகு திரை முழுக்க முத்துமாரியம்மாள் முகம். கீழே எழுத்தில், 'முத்துமாரியம்மாள், பயனாளி.'

"எத்தனை வருசமா ஒழுகுது?" என்றது யோகலட்சுமியின் குரல்.

"ஆறு வருசமா. மழன்னா ஒரு கையில கொடையப் பிடிச்சுக்கிட்டுதான் தோச சுடுவேன். பாதி தோசயில தண்ணி விழுந்துரும். அத நான் தின்னுக்கிடுவேன். நல்லதா வந்தத அவியளுக்கு வெச்சிருவேன்."

ராஜமணி கர்சீப்பை எடுத்தார். பயனாளிகள் பேசினால் அவருக்கு எப்போதும் மனசு இளகிவிடும், அது ஒன்றும் வேசமில்லை. "பாவம்லா" என்றார் பக்கத்திலிருந்த தங்கச்சாமியிடம். சொல்லிவிட்டுத்தான் யாரைச் சொன்னோம் என்று உறைத்தது.

"யார்கிட்டயும் உதவி கேக்கலையா?"

"கேட்டேன். தெனமும் கேட்டேன். சோறு போடும்போதெல்லாம் கேட்டேன். கோடையில, மழ வரட்டும்னாவ. மழையில, கோட வரட்டும்னாவ."

அரங்கில் அங்கங்கே சலசலப்பு. ராஜமணி கர்சீப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"உங்க வீட்டைச் சரிபண்ணிக் கொடுத்த குழுத் தலைவர் பேரைச் சொல்லி நன்றி சொல்லுங்க."

திரையில் முத்துமாரியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். கூரையைப் பார்த்தாள். கதவு வழியே தெரிந்த காலண்டரைப் பார்த்தாள். "அவிய பேருதான் ஊருக்கே தெரியுமே" என்றாள். "நீங்க சொல்லணும்" என்றது குரல். பிறகு வெட்கத்தோடு ஒரு சிரிப்பு. "எழுதி வேணா காட்டட்டா?"

முதலில் சிரித்தது கற்பகம்தான். அப்புறம் பின் வரிசைகளில் இருந்த பெண்கள் மொத்தமும். ஒருத்தி பேரைச் சொல்லாமல் தலைப்பைச் சுற்றுகிறாள் என்றால் அது யார் பேர் என்று அவர்களுக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. முன் வரிசை ஆம்பளைகளுக்குப் புரியத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. ராஜமணியின் காது மடல் சிவந்து கிடந்தது.

சிரிப்பு அடங்கியதும் கடைசிக் கேள்வி வந்தது. "சரி, பேரு வேண்டாம். அவங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

திரையில் முத்துமாரியம்மாள் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"என்ன சொல்ல? வாசல்ல வந்து நின்னு, என்ன கஷ்டம்மான்னு கேட்டாவள்லா. அத அப்பப்ப கேக்கச் சொல்லு. ஓடு ஒழுகுனாக்கூடப் பரவால்ல." பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினாள். "சாப்பிட வரச் சொல்லு தாயி. சோறு ஆறிப்போவுது."

படம் அதோடு முடிந்தது. கைதட்டு வந்தது, சால்வையும் வந்தது. ராஜமணி அதைக் கழுத்தில் பாரமாகப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். டீ கொடுக்கிற இடத்தில் தங்கச்சாமி மெதுவாக நெருங்கி, "அண்ணாச்சி, விதி நாலு போயாச்சுல்லா, அப்ப எங்க வீட்டு மாடிப்படிய ஒரு ஞாயிறு பாத்துருவமா? எஞ் சம்சாரம் பின்னாலதான் உக்காந்திருந்தா" என்றார். விசாரித்துப் பார்த்தால் ஒன்பது உறுப்பினர் வீட்டிலும் ஒன்பது வேலை கிடந்தது.

டவுன் பஸ்ஸுக்காக நிற்கும்போது தூறல் போட்டது. ராஜமணி குடையை விரித்தார். வழக்கமாகத் தனக்கு மட்டும் பிடிப்பவர், அன்றைக்குப் பாதியை அவள் பக்கம் சாய்த்தார். பிறகு நிஜமாகவே மனசு நொந்துபோய்க் கேட்டார்.

"இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி?"

முத்துமாரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனுசன் விளையாடவில்லை, மெய்யாகவே கேட்கிறார். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து யோகலட்சுமியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி யோகா, அடுத்த படம் எப்ப எடுக்குத? எங்க வீட்டுக் கக்கூஸ் கதவு நாலு வருசமா சாத்த மாட்டேங்கு."

"வேண்டாம், வேண்டாம்" என்று பதறினார் ராஜமணி. "அத இந்த ஞாயிறே நான் செஞ்சிருதேன்."

"செஞ்சிருதாவளாம்" என்றாள் முத்துமாரியம்மாள் போனில். "நீ படம் எடுக்கலன்னாலும் பரவால்ல தாயி. அந்தக் கேமராவ மட்டும் கொண்டுவந்து முன்னால நிறுத்திட்டுப் போ."